பழைய அலுமினிய வள்ளம்



1986 ஆகஸ்ட் 11 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ரன் என்ற மீனவரும் வேறு மீனவர்களும் காப்பாற்றினார்கள். எங்கள் வீடுகளில் படகு வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. மொன்றியலில் நான் பழைய 14 அடி அலுமினிய வள்ளமொன்று வாங்கியபோது, "தண்ணி உள்ளுக்கு வராதோ?" என்றுதான் அம்மா முதலில் கேட்டா.

அதற்குப் பெயின்ற் பதில் சொல்லாது. வள்ளத்தை மரக்குற்றிகளில் நன்றாகத் தாங்கவைத்து, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். எந்த ரிவெற்றடியில் சொட்டியதோ, அங்கே அடையாளமிட்டேன். தளர்ந்த ரிவெற்றை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருபக்கம் மகன் கனத்த இரும்பைப் பிடிக்க, மறுபக்கம் நான் சுத்தியலால் தட்டினேன்.

அடுத்தது, இருக்கைகளுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு. வள்ளம் தண்ணீரால் நிரம்பினாலும் அமிழாமல் தாங்குவது அதுதான். ஊறிப்போயிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள்.

தளத்துக்குப் பச்சை நிறத்தில் பதப்படுத்திய பலகை வேண்டாம். அதில் செம்பு உண்டு. ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். செம்பு கலந்த அடிப்பெயின்றும் ஆகாது.

மோட்டார் பூட்டினால், ஓட்டுபவருக்குத் தகைமை அட்டை தேவை. 2009 செப்டெம்பரிலிருந்து இது எல்லா வயதினருக்கும் பொருந்தும். ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கியும் வேண்டும்.

இவ்வளவும் சரிவந்த பிறகு பெயின்ற் பேணியைத் திறவுங்கள்.