நீராவித் தேய்ப்பு: கருவியும் கையும்



ஸ்ரீராம்புரத்துத் தெருக்களில் காலையில் நடந்து போனால் தேய்ப்பு வண்டி ஒன்றாவது கண்ணில் படும். நாலு சக்கரம். மேலே ஒரு பலகை. பலகைமேல் மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. ஓரத்தில் கரி கனியும் இஸ்திரிப் பெட்டி. அந்தப் பெட்டி ஆறு, ஏழு கிலோ எடை இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி வைத்தே ஒரு மனிதர் நாள் முழுவதும் நிற்கிறார்.

அதே தெருவிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு பெண்கள் கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்புகிறார்கள். சிலர் பீன்யா பக்கம், சிலர் மைசூர் ரோடு பக்கம். 2014 மார்ச் முதல் ஸ்ரீராம்புரத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அந்த ரயில் பாதை பீன்யாவுக்கும் போகிறது. அங்கே உள்ள ஆலைகளிலும் துணி தேய்க்கிறார்கள். ஆனால் அங்கே கரி இல்லை. நீராவி.

ஆவி என்றதும் பேய், பிசாசு என்று யாரும் பயப்பட வேண்டாம். இட்லிப் பானையில் வருகிறதே, அதே ஆவிதான்.

தெருவில் நடப்பதும் ஆலையில் நடப்பதும் ஒரே வேலையா? ஒரே வேலைதான். எப்படி என்று பார்ப்போம். முதலில், துணி ஏன் கசங்குகிறது?

பருத்தி நூலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் இருக்கின்றன. அவை ஒன்றை ஒன்று கைகோத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஈரமும் சூடும் பட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் துணி எப்படிக் கிடக்கிறதோ, ஈரம் போய் ஆறியதும் அப்படியே மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தவரின் சட்டை முதுகைப் பாருங்கள். வியர்வை ஈரம், உடம்புச் சூடு, முதுகின் அழுத்தம் மூன்றும் சேர்ந்து கோடு கோடாக மடிப்பு விழுந்திருக்கும். அதே ஈரம், அதே சூடு, அதே அழுத்தம்தான் இஸ்திரியிலும். வேண்டாத இடத்தில் விழுந்தால் கசங்கல். வேண்டிய இடத்தில் விழுந்தால் மடிப்பு.

வண்டிக்காரர் தண்ணீர் தெளிப்பது இதற்காகத்தான். சூடு மட்டும் இருந்து ஈரம் இல்லாவிட்டால் பருத்திச் சுருக்கம் லேசில் போகாது. ஆக, துணிக்குச் சூடு வேண்டும், ஈரம் வேண்டும், அழுத்தம் வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அதைப் பலரும் மறந்துவிடுவார்கள். கொடுத்த ஈரத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்த சட்டை பெட்டிக்குள்ளேயே மறுபடியும் கசங்கிப்போகும்.

நீராவிக்கு என்ன பெருமை? அது சூட்டையும் ஈரத்தையும் ஒன்றாகவே கொண்டுவந்து கொடுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 75 கிலோ கலோரி வெப்பம் போதும். ஆனால் கொதிக்கும் அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க மேற்கொண்டு 540 கிலோ கலோரி வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! இவ்வளவு வெப்பமும் ஆவிக்குள் மறைந்திருக்கிறது. துணியில் பட்டு ஆவி மறுபடி தண்ணீராகும்போது அது வெளியே வருகிறது. வெந்நீர் கையில் பட்டால் சுடும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டால் அதைவிட மோசமாகக் கொப்பளிக்கும். காரணம் இதுதான்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரி வரை போகாது. 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையிலிருந்து வந்தவர்கள் இங்கே பருப்பு வேக நேரமாகிறது என்று சொல்வது வெறும் பேச்சல்ல.

துணி தேய்க்க இந்தச் சூடு போதாது. ஆகவே தண்ணீரை மூடிய பாத்திரத்தில் கொதிக்க வைக்கிறார்கள். குக்கரில் நடப்பதும் அதுதான். குக்கருக்குள்ளே ஏறக்குறைய 120 டிகிரி வரும். ஆலைகளில் பாய்லர் என்னும் கொதிகலனில் அழுத்தம் இன்னும் அதிகம். அழுத்தம் காட்டும் மீட்டர் முள் 4 கிலோவில் நின்றால் உள்ளே ஆவியின் சூடு ஏறக்குறைய 150 டிகிரி. பருத்திக்கு இது நன்றாகப் போதும்.

இங்கேதான் கருவி செய்பவரின் வேலை தொடங்குகிறது. ஆவியை உண்டாக்குவது பெரிய காரியமல்ல. அதைத் தண்ணீராகாமல் மேஜை வரைக்கும் கொண்டுபோவதுதான் காரியம்.

இட்லிப் பானை மூடியில் தண்ணீர்த் துளிகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துளி இட்லிமேல் விழுந்தால் இட்லி சொதசொத என்று ஆகிவிடும். ஆவிக் குழாயிலும் இப்படித்தான். குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஆவி பட்டுத் தண்ணீராகிக் கீழே தேங்கும். அந்தத் தண்ணீர் ஆவியோடு சேர்ந்து பெட்டி வழியாகப் பீச்சியடித்தால் புதுச் சட்டையில் கறை விழும். ஏற்றுமதிக்குப் போகும் சட்டையில் ஒரு சொட்டு போதும், சட்டை கழிவுக்குப் போய்விடும். திட்டு விழுவதோ தேய்த்தவருக்கு.

ஆனால் தவறு அவருடையதா? பெரும்பாலும் குழாய் போட்டவருடையது. குழாயைச் சமமாகப் போடாமல் சற்றுச் சரிவாகப் போட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும். பெரிய குழாயின் அடிப்பக்கத்திலிருந்து கிளை எடுக்கக் கூடாது. மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அடியில் தண்ணீர், மேலே ஆவி அல்லவா? குழாய் முடியும் இடத்தில் ஸ்டீம் டிராப் என்று ஒரு கருவி வைப்பார்கள். அது தண்ணீரை வெளியே விடும், ஆவியை விடாது. குழாயின் மேலே வெப்பம் வெளியேறாதபடி தடித்த உறை சுற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை முழுதும் ஆவியாக்க முக்கால் யூனிட்டை ஒட்டிய மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. உறை சுற்றாத குழாய் அந்த வெப்பத்தை வீணாக்குகிறது. அது மட்டுமல்ல, அந்த அறையில் நிற்பவரையும் வேக வைக்கிறது.

தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு கொதிகலனிலும் படியும். படிவு ஏற ஏற விறகோ மின்சாரமோ அதிகம் செலவாகும், கொதிகலனும் கெடும். ஆகையால் உப்பை நீக்கிய பிறகே தண்ணீரை உள்ளே விடுகிறார்கள்.

அடுத்து மேஜை. தேய்ப்பு மேஜை என்பது வெறும் பலகை அல்ல. மேல்தகட்டில் பொடித் துளைகள் இருக்கும். அதன்மேல் மெத்தையும் துணியும் விரித்திருக்கும். மேஜைக்கு அடியில் காற்றை உறிஞ்சும் மோட்டார். காலால் மிதியை அழுத்தினால் மேலே கிடக்கும் துணியிலிருந்து ஆவியையும் ஈரத்தையும் அது கீழே இழுத்துக்கொள்ளும். துணி சட்டென்று ஆறும். முதலில் சொன்ன நாலாவது வேலையை, அதாவது ஈரத்தைத் திரும்ப எடுக்கும் வேலையை, இது செய்கிறது. துணி நழுவாமல் மேஜையோடு ஒட்டியும் நிற்கும். வேக்குவம் டேபிள் என்று ஆலையில் சொல்வது இதைத்தான். இத்தகைய மேஜைகளும் கொதிகலன்களும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பெங்களூரிலேயே ராம்சன்ஸ் போன்ற கம்பெனிகள் செய்கின்றன.

நல்ல மேஜை எது, கெட்ட மேஜை எது? துணியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆளை வைத்தும் பார்க்க வேண்டும். மேஜை தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். உயர்ந்திருந்தால் தோள் தூக்கியே நிற்கும். நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே மேஜை இருந்தால்தான் கை இயல்பாக ஓடும். ஆனால் ஐந்தடி உயரமுள்ள பெண்ணும் ஆறடி உயரமுள்ள ஆணும் ஒரே மேஜையில் மாறி மாறி நிற்கிறார்கள். காலில் உயரம் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்தால் அதிகச் செலவு ஆகாது. மிதியை ஒரே பக்கத்தில் வைத்தால் எட்டு மணி நேரமும் உடம்பின் பாரம் ஒரே காலில் இறங்கும். மேஜையின் நீளத்துக்கு மிதிப்பட்டை வைத்தால் காலை மாற்றி மாற்றி மிதிக்கலாம்.

பெட்டியின் ஆவிக் குழலை மேலே ஸ்பிரிங் கட்டித் தொங்கவிட்டால் அதன் பாரம் மணிக்கட்டில் இறங்காது. மேலும் கீழும் மூடிக்கொள்ளும் பெரிய அழுத்து இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றை மூட இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும் என்று அமைத்திருப்பார்கள். ஒரு கை துணியை இழுத்துக்கொண்டிருக்கும்போது இயந்திரம் மூடிவிடக் கூடாது என்பதற்காக. வேகமாக வேலை முடிய வேண்டும் என்று ஒரு பொத்தானில் குச்சியைச் செருகி வைப்பது சிலரின் வழக்கம். அந்தக் குச்சி விரலுக்கு எமன்.

கொதிகலனில் அதைவிடப் பெரிய எமன் உண்டு. அழுத்தம் அளவுக்கு மேல் போனால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும் ஒரு வால்வு இருக்கிறது. பாதுகாப்பு வால்வு என்று பெயர். டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் குக்கரைப் போன்ற ஒரு பாத்திரம் செய்தார். அது வெடிக்காமல் இருக்கவே இப்படி ஒரு வால்வையும் வைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதற்கு மாற்று இல்லை. குக்கரில் வெயிட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வால்வு இருக்கிறதே, அதன் தம்பிதான் அது. அந்த வால்வு அடிக்கடி சத்தம் போடுகிறது என்று கம்பி வைத்துக் கட்டக் கூடாது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயையும் தினமும் பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றிய கொதிகலன் வெறும் சட்டியைப்போலச் சிவந்து பலவீனமாகும். அந்த நேரத்தில் திடீரென்று தண்ணீர் விட்டால் ஆபத்து.

கொதிகலன்களைப் பதிவு செய்து, பரிசோதித்த பிறகே ஓட்ட வேண்டும் என்பது சட்டம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. மிகச் சிறிய கொதிகலன்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சிறியது என்பதால் அது வெடிக்காது என்று பொருளல்ல. வாங்குபவர் தாமே கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் பொருள்.

இனி தெரு வண்டிக்கு வருவோம். கரிப்பெட்டி மின்சாரம் இல்லாத இடத்திலும் ஓடும். அது அதன் பலம். ஆனால் கரி புகையும் சாம்பலும் தருகிறது. காற்று வராத அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியில் தொடங்கி உயிரையும் எடுத்துவிடும்.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற மாணவி இதைப் பார்த்து யோசித்தார். பள்ளிவிட்டு வரும் வழியில், எரிந்த கரியைத் தேய்ப்புக்காரர் கொட்டுவதைக் கண்டதுதான் தொடக்கம். வண்டியின் கூரையில் சூரிய ஒளித் தகடுகள், அடியில் பேட்டரி, கரிப்பெட்டிக்குப் பதில் நீராவிப் பெட்டி என்று ஒரு வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் சார்ஜ் ஆனால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். கைப்பேசி சார்ஜ் செய்து கொடுத்துக் கூடுதலாக நாலு காசு சம்பாதிக்கவும் அதில் வசதி உண்டு. 2020-இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகக் காலநிலை மாநாட்டில் அவர் பேசினார். அப்போது அவருக்கு வயது பதினான்கோ பதினைந்தோதான்.

அந்த வண்டியை அப்படியே ஸ்ரீராம்புரத்துக்குக் கொண்டுவர முடியுமா? இங்கே சந்துகள் குறுகல். இரண்டு பக்கமும் மாடி வீடுகள். பல இடங்களில் உச்சி வேளையில் மட்டுமே தரையில் வெயில் விழும். மழைக்காலத்து மேகம் வேறு. ஆகவே இங்கே தகடு வண்டிமேல் இருப்பதைவிட ஒரு மாடியின்மேல் இருப்பது மேல். பேட்டரி மட்டும் காலையில் வண்டிக்கு வரலாம். தமிழ்நாட்டில் தேய்ப்புத் தொழிலாளருக்கு அரசே எரிவாயுவில் ஓடும் பெட்டிகளைக் கொடுக்கிறது. அது சாம்பல் இல்லாத நல்ல பெட்டிதான். ஆனால் அதில் சூடு மட்டுமே உண்டு. தண்ணீரைக் கையால்தான் தெளிக்க வேண்டும். எது வசதி என்பதை வண்டியில் நிற்பவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் வரைந்த வண்டியில் கஞ்சி போட்ட வேட்டியை விரிக்க இடம் இருக்காது.

சிறிய தொட்டியோடு வரும் நீராவிப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. கடன் வாங்கி அதை வாங்க நினைப்பவர்கள் உண்டு. வாங்கும் முன் தொட்டியில் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று கடைக்காரரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்குமா என்று கேளுங்கள். பிளக்கில் மூன்று கால்கள் இருக்க வேண்டும். மூன்றாவது எர்த் கால். ஈரமும் மின்சாரமும் சேரும் இடத்தில் அது இல்லாமல் கூடாது. வீட்டில் எர்த் கம்பி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. குக்கருக்கு என்ன விதியோ அதே விதி.

கடைக்குப் போகும்போது ஒரு பருத்தி வேட்டி, ஒரு பாலியெஸ்டர் சட்டை, ஒரு பட்டுப் புடவை மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே தேய்த்துக் காட்டச் சொல்லாதீர்கள். பெட்டியை வாங்கி நீங்களே தேயுங்கள். அரை மணி நேரம் நின்று தேயுங்கள். தண்ணீர் சொட்டுகிறதா, குழல் மணிக்கட்டை இழுக்கிறதா, தோள் வலிக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு விலையைப் பேசுங்கள்.