பாசி மேயும் முள்ளெலி

நட்சத்திர மீனுக்கும் கடலட்டைக்கும் உறவினமாகிய கடல் முள்ளெலி, முட்தோலிகள் என்னும் தொகுதியைச் சார்ந்தது. நீரின் அழுத்தத்தால் இயங்கும் மெல்லிய குழாய்க்கால்களால் ஊர்ந்து செல்வது. அடிப்புறத்து வாயிலுள்ள ஐந்து பற்களால் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பது.

இச்சிற்றுயிர் அழிந்தால் என்ன நேரும்? ஜமைக்காத் தீவின் வடகரையில், பாசி மேயும் மீன்களை மனிதர் மிகுதியாகப் பிடித்துவிட்டனர். அதன்பின் பவளப் பாறைகளுக்குக் காவலாக எஞ்சியது நீண்ட கரிய முட்களையுடைய முள்ளெலியே. 1983-ஆம் ஆண்டு பனாமாக் கரையருகே தோன்றிய கொள்ளைநோய், ஏறத்தாழ ஓராண்டுக்குள் கரிபியன் கடலெங்கும் பரவி, அவ்வினத்தில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவற்றை மாய்த்தது. மேய்வாரின்றிப் பாசி தழைத்தது, பவளங்களை மூடியது, இளம்பவளம் பற்றி வளர இடமின்றிப் போயிற்று.

ஒரே காவலனை நம்பி நிற்கும் கோட்டை, அவன் வீழ்ந்த அன்றே வீழும். இயற்கையில் பல்லுயிர் வேண்டுவது இதனாலேயே.