தமிழ் பேசுகிறவர் ஏன் 'நான் தமிழர் இல்லை' என்கிறார்?

(தியாகராய நகரில் வணிகர்கள், இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பாண்டி பஜாரில் கடை வைத்திருப்பவர்களுக்கு, இலங்கையிலிருந்து துணி எடுக்க வரும் முஸ்லிம் வியாபாரிகளைத் தெரியும். நல்ல தமிழ் பேசுவார்கள். "நீங்களும் தமிழர்தானே?" என்று கேட்டால், "இல்லை, நாங்கள் முஸ்லிம்கள்" என்பார்கள். 'தமிழ் முஸ்லிம்' என்று சொல்லிப் பழகிய நம் பையன்கள் திகைத்துப் போகிறார்கள்.

விடை வரைபடத்தில் இருக்கிறது. இலங்கை நம் தமிழகத்தில் ஏறக்குறையப் பாதி. அங்கே சிங்களர், ஈழத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் எனப் பல இனங்கள். 2012 கணக்கெடுப்பின்படி சோனகர் 9.3 சதவீதம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் காத்தான்குடி, கல்முனை என்று கிழக்குக் கரையில் வாழ்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கொழும்பு, கண்டி, பேருவளை, காலி எனச் சிங்களர் நடுவே சிதறிக் கிடக்கிறார்கள். வடகிழக்கே தமிழர் தாயகம் என்று கோடு போட்டால் இவர்கள் கோட்டுக்கு வெளியே!

உள்ளே இருப்பவர்கள் நிலை என்ன? 1987 ஒப்பந்தத்தால் வடக்கும் கிழக்கும் இணைந்தன. கிழக்கில் மூன்றில் ஒருவராக இருந்த முஸ்லிம், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒருவரானார். எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது அவர்களின் மனக்குறை. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பைச் செல்லாது என்றது.

1888லேயே பொன்னம்பலம் இராமநாதன், 'சோனகர் இனத்தால் தமிழரே' என்று எழுதினார். அப்போது சட்டசபையில் அவர்தான் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. சோனகர் தனிப் பிரதிநிதித்துவம் பெறுவதைத் தடுக்கத்தான் இந்த வாதம் என்று முஸ்லிம்கள் எண்ணினார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்குத் தனி உறுப்பினர் கிடைத்தார்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம்! அதே ஆண்டு முஸ்லிம் ஊர்க்காவல் படையினரும் கிழக்கின் தமிழ் ஊர்களில் கொலை புரிந்தார்கள். அதையும் நாம் மறைக்கக் கூடாது. ஆனால் நம்மூர் ஈழ ஆதரவு மேடைகளில் அந்த 75,000 பேரைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

2009இல் போர் முடிந்தது. இருபது ஆண்டுகளில் புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மன்னார் மாவட்டத்துக்குத் திரும்பியவர்களோ, காடு மண்டிக் கிடந்த தங்கள் ஊர்களைத் துப்புரவு செய்தார்கள். உடனே, 'வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள்' என்று கூச்சல் கிளம்பியது. இம்முறை கூச்சலிட்டவர்கள் சிங்களத் தேசியவாதிகள்.