கூனும் நிமிர்வும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அமைந்தது வவுணதீவு. அவ்வூரில் கூனிய முதுகைக் கண்டால், “வயசு போனால் அப்படித்தான்” என்பர். அது முற்றும் மெய்யன்று. எலும்பு வலுவிழந்த மூதாட்டி நெல்மூட்டையைத் தூக்கும்போதே முள்ளெலும்பொன்று முன்புறம் நசுங்கி ஆப்பு வடிவாகலாம். நோவு தணிந்ததும் அதனை மறந்துவிடுகின்றனர். அடுத்த எலும்பும் நசுங்க, உடல் முன்னே வளைகிறது. மூச்சும் பசியும் குன்றுகின்றன.

தென்னையிலிருந்து விழுந்தவனின் நிலை வேறு. அவனைத் தூக்கி இருத்துதல் தகாது; நொறுங்கிய எலும்பு முண்ணாண் என்னும் நரம்புவடத்தை நசுக்கலாம். அசையாமற் பலகையிற் கிடத்தியே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

வளைந்தவாறே பொருந்திய முதுகையும் நிமிர்த்தலாம். முதுகெலும்பின் பின்புறத்தில் ஆப்புப்போல் எலும்பை வெட்டியெடுத்து நிமிர்த்தும் முறையை, 1945இல் அமெரிக்காவில் சிமித்-பீற்றர்சனும் துணைவரும் வெளியிட்டனர். வாதத்தால் இறுகிய முதுகுகளுக்கென எழுந்த அம்முறை, பின்னர் முறிவால் வந்த கூனுக்கும் வழிகாட்டியது. இன்று திருகாணிகளும் உலோகத் தண்டுகளும் நிமிர்ந்த நிலையைத் தாங்குகின்றன.

ஆயினும் அது பெருஞ் சிகிச்சை, முண்ணாணுக்கு ஊறு நேரலாம், எல்லார்க்கும் ஏற்றதன்று. ஆகவே, மூத்தோர்க்குத் திடீரென முதுகு நொந்தால், கூன் விழும்வரை காத்திராது மருத்துவரை நாடுக. முதல் முறிவை அறிந்தால் அடுத்ததைத் தடுக்கலாம்.