பீலித் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும்



குடிநீர்ப் புளோரைட்டால் பிள்ளைகளின் எலும்பு வளைவதைப் பற்றிய ஆய்வரங்கை ஹட்டனில் கூட்டுவது பொருந்துமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தோட்ட லயத்துப் பிள்ளைகளாகிய நாம் குடித்து வளர்ந்த, மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணியில் புளோரைட் மிகக் குறைவு. மழை ஓயாமல் கழுவுகிற மலை இது; பாறையிலிருந்து கரைவது இங்கே தங்குவதில்லை. அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கங்களில் மழை குறைவு, வெயில் கடுமை. கிணற்று நீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்து ஊறுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவி இரசாயன அறிஞர் சி. பி. திசாநாயக்க இந்த வேறுபாட்டை நாடு முழுவதற்கும் வரைந்து காட்டியவர்.

அந்த வரைபடத்தில் நம் மலை ஆபத்தில்லாத பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நம் சனங்கள் எல்லாரும் மலையிலேயே இருந்துவிடவில்லை. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கின! காந்தீயம் இயக்கம் அவர்களில் பலரைக் காடு வெட்டிக் குடியேற்றியது. பீலியை விட்டுப் போனவர்கள் கிணறு வெட்டினார்கள். பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் கண்டால் பல் விளக்காத குற்றம் என்று பிள்ளையை அதட்டிய தாய்மார் உண்டு. குற்றம் தண்ணீரில் இருந்தது. அந்தத் தாய்மாருக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது.

பல்லில் தெரிவது முதல் அடையாளம். அளவு கூடி, ஆண்டுகள் நீண்டால் எலும்புக்குப் போகும். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட்டும் அவருடைய துணை ஆய்வாளர்களும் முதுகெலும்பு இறுகி நிமிர முடியாமல் போனவர்களைக் கண்டு எழுதினார்கள். பிள்ளைகளைப் பற்றி நமக்கு மிகவும் வேண்டிய செய்தி 1973இல் வந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசுவாமியும், முழங்கால் இரண்டும் உள்ளே ஒட்டி வளைந்த இளவயதினரைப் பற்றி எழுதினார்கள். முதுகெலும்பு இறுகியிருந்தது, கைகால் எலும்போ தேய்ந்து மெலிந்திருந்தது. ஒரே உடம்பில் இரண்டும்! புளோரைட் எலும்பில் புகுந்து அதன் கட்டமைப்பை மாற்றும்போது உடம்பு சுண்ணச்சத்தைக் கூடுதலாகக் கேட்கிறது. சாப்பாட்டில் அது இல்லாத பிள்ளைக்கு எலும்பிலிருந்தே உருவப்படுகிறது. ஆகவே ஒரே கிணற்றில் குடித்தாலும், பாலும் கீரையும் கிடைக்கிற வீட்டுப் பிள்ளையைவிட வெறும் ரொட்டியும் பாலில்லாத தேநீராகிய சாயமும் கிடைக்கிற வீட்டுப் பிள்ளைக்கே கால் வளைய வாய்ப்பு அதிகம்.

நமக்கு நெருப்பு சுடுவது இந்த இடத்தில்தான். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். இப்படி வளர்ந்த உடம்போடுதான் ஒரு பிள்ளை இங்கிருந்து வரண்ட வலயத்துக்குப் போகிறது. மலையிலேயே இருக்கிற பிள்ளைக்கும் எலும்பு நலிய புளோரைட் தேவையில்லை; பசியே போதும்.

தேயிலையைப் பற்றியும் கேட்பீர்கள். தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை இழுத்து முதிர்ந்த இலையில் சேர்த்து வைக்கும். திபெத்தில் முற்றிய இலையில் செய்த கட்டித் தேயிலையைக் காலமெல்லாம் குடித்தவர்களுக்கு எலும்பு நோய் வந்திருக்கிறது. நாம் பறிக்கும் கொழுந்தில் அது குறைவு. பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைக்குக் கடும் சாயம் ஊற்றிக் கொடுப்பதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் வேறு: அது உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, பாலின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; புளோரைட் போகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். தோட்டத்தில் நாம் நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொடுத்த பழக்கம் வவுனியாக் கிணற்றடியில் பலிக்காது. அங்கே வேண்டியது வேறு தண்ணீர். தமிழ்நாட்டில் புளோரைட் மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோனார்கள். 2013இல் அத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நம் மலையில் பெய்யும் மழையும் கொத்மலை ஓயா வழியே மகாவலியில் சேர்ந்து, 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு வரண்ட வலயத்துக்குப் போகிறது. வயலுக்குப் போன அந்த நீர் இன்னும் எத்தனையோ வீட்டுக் குடங்களுக்குப் போகவில்லை.

இன்று கட்டுரை படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பல்லையும் காலையும் பதிவுசெய்யும்போது, அதன் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஆண்டு இறங்கியது, இப்போது எந்தக் கிணற்றில் அள்ளுகிறது, நேற்று என்ன சாப்பிட்டது என்பதையும் எழுதுங்கள். வவுனியாவிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள் தங்கள் ஊர்க் கிணறுகளின் தண்ணீரைப் போத்தல்களில் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் அமர்வில் அவர்களே பேசட்டும்.