சட்டையின் விலை பில்லில் முழுசா வராது

(‘தி ட்ரூ காஸ்ட்’ ஆவணப்படத் திரையிடலுக்குப் பின் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இப்போ நாம பார்த்தது 2015-ல் ஆண்ட்ரூ மோர்கன் எடுத்த படம். கடையில தொங்குற மலிவான சட்டை எங்கிருந்து வருதுன்னு கேட்டுக் கிளம்பினவர், வங்கதேசம், கம்போடியா, கான்பூர், பஞ்சாப், டெக்சாஸ் வரைக்கும் போறார். போன இடமெல்லாம் ஒரே கதை. லாபம் மேலே ஏறுது. நோயும் சாவும் கீழே இருக்கிறவங்க தலையில விழுது.

ராணா பிளாசாவை மறக்கக் கூடாது. டாக்கா பக்கத்துல சாவாரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம். உள்ளே 5 ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. கடைகளை மூடினாங்க. தையல் தொழிலாளிகளை மட்டும், ‘வரலேன்னா சம்பளம் கிடையாது’ன்னு மிரட்டி, மறுநாள் காலையில மேலே ஏத்தினாங்க. கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஓடுச்சு. ஒன்பது மணிக்குள்ள கட்டடம் தரைமட்டம். 1,134 பேர் செத்தாங்க. பெரும்பாலும் பெண்கள்.

யோசிச்சுப் பாருங்க தோழர்களே. ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் பிழைச்சார், தையல்காரப் பெண் பிழைக்கலை. விதியா அது? அப்போ அங்கே மாதக் குறைந்தபட்சக் கூலி 3,000 டாக்கா. அதையும் பிடிச்சுக்கிட்டா வீட்டுல அடுப்பு எரியாது. அந்த 5 ஆலைகளில் ஒன்றில்கூட தொழிற்சங்கம் இல்லை. தனி ஆளா ‘மாட்டேன்’னு சொன்னா வேலை போகும். ஆயிரம் பேர் சேர்ந்து சொல்லியிருந்தா?

செத்தவங்க குடும்பத்துக்கும் காயம்பட்டவங்களுக்கும் கொடுக்க 3 கோடி டாலர் நிதி திரட்டணும்னு முடிவாச்சு. உலகம் முழுக்கக் கடை விரிச்ச கம்பெனிகள் இருந்தும், அந்தத் தொகை சேர்ந்து முடிய 2015 ஜூன் ஆச்சு. கேட்டா, பிராண்டுக்காரர் ‘ஆலை எங்களுது இல்லை’ என்பார். ஆலைக்காரர் ‘பீஸுக்கு அவங்க கொடுக்கிற ரேட் அவ்வளவுதான்’ என்பார். யாரும் பொறுப்பாக வேண்டாம் என்றுதான் சப்-கான்ட்ராக்ட் முறையையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

படத்தில் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. முடிவில் அது வாங்குகிறவர்களிடம் பேசுது: யோசித்து வாங்குங்கள், குறைவாக வாங்குங்கள் என்று. நல்ல யோசனைதான். ஆனா தீபாவளிக்கு மட்டும் துணி எடுக்கிற குடும்பம் இதுக்கு மேல எதைக் குறைக்கும்?

அங்கே நிலைமையை அசைத்தது வேறு. 2013 மே மாதம் தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தம். அதுக்கு முன்னாடியும் தணிக்கைகள் நடந்தன. ராணா பிளாசாவின் சில ஆலைகளிலும் நடந்தன. அது விருப்பப்பட்டால் செய்கிற ‘சமூகப் பொறுப்பு’. இதுவோ சட்டப்படி கட்டுப்படுத்துவது. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டன.

நம்ம மண்ணிலும் உதாரணம் இருக்கு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022-ல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ வந்தது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஆலை நிர்வாகத்தையும் வெளிநாட்டு பிராண்டையும் கையெழுத்துப் போட வைத்த ஒப்பந்தம் அது. யாரும் தானமாகக் கொடுக்கலை.

அந்தச் சங்கத்தைத்தான் ஒன்றிய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் முடக்கப் பார்க்குது. ஆலைகளில் அரசு அனுமதி இல்லாமல் ஆள்குறைப்பு செய்ய முன்பு 100 பேருக்குக் கீழ் என்று வரம்பு இருந்தது; அதை 300 ஆக்கிட்டாங்க. வேலைநிறுத்தம் செய்யணும்னா 14 நாள் முன்னறிவிப்பு. விரிசல் விட்ட கட்டடம் 14 நாள் காத்திருக்குமா?

தோழர்களே, படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கலைந்தால் பயன் இல்லை. திருப்பூரில் பவர்டேபிளில் உட்கார்கிற அக்காவிடம், ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இருக்கிற தங்கையிடம் போய்ப் பேசணும். இந்தப் படத்தை உங்க ஊர்லயும் போடுங்க. ஷிப்ட் முடியுற நேரம் பார்த்துப் போடுங்க.

 

#சங்கமாய்த்_திரள்வோம் #தொழிலாளர்_உரிமை