பல்லைப் பிடுங்குமுன் ஒரு படம்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இப்படிப்பட்ட விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நானோ மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். எனக்குத் தெரிந்தது தாடை எலும்பு. அதைப் பற்றியே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல் ஆடினால் நாம் என்ன சொல்வோம்? "பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்." வயதானவர்களுக்கு ஈறு கெட்டுப் பல் ஆடுவது சகஜந்தான். ஆனால் மற்றப் பற்கள் எல்லாம் கல் மாதிரி நிற்க, ஓரிடத்தில் மட்டும் இரண்டு பற்கள் ஆடினால்? பிடுங்கிய குழி மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால்? கீழுதடு ஒரு பக்கம் மரத்துப் போனால்? அப்போது குற்றம் பல்லில் இல்லை. பல் ஊன்றி நிற்கிற எலும்பில் இருக்கலாம்.

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா என்னிடம் படம் எடுக்க வந்தார். முதலில் ஒரு பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். குழி ஆறவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். படத்துக்கு வந்தபோது நான்கு மாதம் ஓடிவிட்டது. கறையான் தின்ற பலகை போலக் கீழ்த்தாடை இருந்தது. முதல் நாளே ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரேயைக் கண்டது 1895ஆம் ஆண்டு நவம்பரில். 1896 ஜனவரியிலேயே வால்காஃப் என்ற பல்மருத்துவர் தம்முடைய பற்களையே படம் எடுத்துவிட்டார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம்! இன்று ஓ.பி.ஜி. என்ற படத்துக்குக் கால் நிமிடம் போதும். முகவாயைத் தாங்கியில் வைத்து, சின்னக் குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வரும். இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும். தாய்மார்களே, தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னால் கோபிக்காதீர்கள். இடது காதுத் தோடு வலப்பக்கத்தில் பேய் மாதிரி ஒரு நிழலை விழவைத்து, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடும்.

அந்தப் படத்தில் எதைப் பார்க்கிறார்கள்? முக்கியமாக ஓரத்தைத்தான். மெதுவாக வளருகிற கட்டி எலும்பைத் தள்ளிக்கொண்டு வளரும். அதன் ஓரம் கோடு போட்டாற்போல் தெளிவாக இருக்கும், பல் நகர்ந்திருக்கும். புற்று அப்படியில்லை, அரித்துக்கொண்டே போகும். ஓரம் எலி கடித்த துணி போலப் பிய்ந்திருக்கும். அமெலோபிளாஸ்டோமா என்றொரு கட்டி பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் வரும். பல படங்களில் சோப்பு நுரை மாதிரி தெரியும். அது பொதுவாகப் புற்றுநோய் அல்ல. ஆனாலும் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். அதனால்தான் டாக்டர்கள் சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. பல் விழுந்து வெகு நாளாகியும் புதுப்பல் முளைக்கவில்லையா, தாடை வலியில்லாமல் வீங்குகிறதா? பள்ளிக்கு வரும் பல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். முளைக்காத பல்லைச் சுற்றி நீர்ப்பை கட்டியிருக்கலாம். நேரத்தோடு கண்டால் சில சமயம் அந்தப் பல்லையே காப்பாற்றி முளைக்கச் செய்யலாம்.

படத்தால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் பழுது தெரியும். அதனால் படம் சுத்தமாக இருந்தும் புண் ஆறாவிட்டால் மறுபடி போக வேண்டும். எலும்பை நுணுக்கமாகப் பார்க்க சி.டி. ஸ்கேன், சதைக்குள்ளும் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. இத்தனைக்கும் மேல், அது இன்ன கட்டி என்று உறுதியாகச் சொல்வது சிறு துண்டுச் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனைதான். "கத்தி பட்டால் பரவிடும்" என்று லயத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சோதனைக்குப் பயந்து நாள் கடத்துவதால்தான் கட்டி வளருகிறது. கதிருக்கும் பயப்பட வேண்டாம். ஓர் ஓ.பி.ஜி. படத்தின் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் நம்மேல் இயற்கையாகப் படுகிற அளவுதான். சி.டி.யில் அதைவிட மிக அதிகம். ஆகவே தேவைப்பட்டால்தான் எடுப்பார்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதை நம் தமிழ்ப் பள்ளியில் ஏன் பேச வேண்டும்? 1993, 1994ஆம் ஆண்டுகளில் நாடு முழுதும் 11,697 பேரின் வாயைச் சோதித்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய புண்ணும் வெள்ளைப் படையும் சீனர்களில் 200 பேருக்கு ஒருவரிடம் இருந்தன. இந்தியர்களில் 100 பேருக்கு நால்வரிடம்! காரணம் நம் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கினாலும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் வாங்கினாலும், வெற்றிலை பாக்கைக் கன்னத்தில் அடக்கி வைத்தால் அது கிடப்பது ஈற்றின் மேல்தான். ஈறோ மெல்லியது, அதன் அடியிலேயே எலும்பு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2003இல் கூடித் தீர்மானித்தது.

சில பழைய படங்களைப் பெயர் நீக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். விழா முடிந்ததும் சிற்றுண்டிச்சாலை ஜன்னலோரம் நிற்பேன். மாணவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். பாட்டிமார்களும் வாருங்கள், வெற்றிலைப் பையை ஒளிக்க வேண்டாம். ஆறாத புண்ணோ ஆடுகிற பல்லோ இருந்தால் சொல்லுங்கள். எந்த அரசாங்கப் பல் கிளினிக் உங்களுக்குப் பக்கம் என்று எழுதித் தருகிறேன்.